வேஷமும் லினக்ஸும் வட்டத்தொட்டியும்

சென்ற ஆனி மாதக் கடைசியில் இரண்டு நாள் லீவு போட்டுக்கொண்டு குற்றாலத்துக்குப் போயிருந்தேன். தென்காசியிலிருந்து என் அக்காளும் அத்தானும் அவர்கள் பிள்ளையும் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஐந்து கிலோ மீட்டர் தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு குற்றாலத்தில் ரூம் எடுத்துத் தங்குவது தென்காசிக்காரர்களின் சிரிப்புக்கு இடமான காரியம். என்னை முன்னிட்டு அந்தச் சிரிப்பை அத்தான் பொறுத்துக்கொண்டார்.

போன அன்று மத்தியானமே மலைமேல் நல்ல மழை. பேரருவியில் செம்மண் நிறத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும் போலீஸார் கயிறு கட்டிவிட்டார்கள். ஐந்தருவியிலும் அதே கதைதான். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தவர்கள் எண்ணெயோடு திரும்பினார்கள். நாங்களும் ரூமுக்குத் திரும்பித் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். சாரல் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கையில் சூடாக ஒரு டம்ளர் காப்பி. இதற்கு மேல் மனுஷனுக்கு என்ன வேண்டும் என்று நினைத்த நேரத்தில்தான் அத்தான் ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளே, நீ பத்திரிகைக்காரன். நாலு பேருக்குப் புத்தி சொல்றவன். உன் மருமகனுக்கும் கொஞ்சம் சொல்லு. குற்றாலத்துக்கு வந்தும் அந்தப் பொட்டியைக் கட்டிக்கிட்டு அழுறான் பாரு!"

எட்டிப் பார்த்தேன். பையன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டிருந்தான். பிளஸ் டூ படிக்கிறவன். வருகிற மார்ச்சில் பரீட்சை. அத்தானின் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ஒருவனுக்குப் புத்தி சொல்லுமுன் அவன் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டாமா? பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அவன் ஆடியது 'வெஸ்நாத்துக்கான போர்' என்ற விளையாட்டு. அறுகோணக் கட்டங்கள் போட்ட ஒரு தேசப்படம். அதில் கான்ராட் என்று ஒரு இளவரசன். அவன் ராஜ்யத்தை ஒரு கொடிய ராணி அபகரித்துக்கொண்டாள். டெல்ஃபாடர் என்ற கிழட்டு மந்திரவாதி பையனைக் காட்டில் வளர்த்து ஆளாக்குகிறான். பையன் படை திரட்டிப் போய் ராஜ்யத்தை மீட்க வேண்டும். 'அம்புலிமாமா' படித்து வளர்ந்த எனக்கு இந்தக் கதையில் புதிது ஒன்றும் இல்லை. புதிது எது என்றால், கான்ராட் எந்தப் பாதையில் போக வேண்டும், யாரை முன்னே நிறுத்த வேண்டும், யாரைக் காப்பாற்ற வேண்டும் என்பதை என் மருமகன் தீர்மானிக்கிறான். போர்வீரன் ஒவ்வொருவனுக்கும் பெயர் உண்டு. சண்டை போடப்போட அனுபவம் ஏறும். பழகிய வீரன் ஒருவன் செத்துப்போனால் அடுத்த கட்டத்துக்கு அவன் வரமாட்டான். அப்படி ஒருவன் விழுந்தபோது பையன் முகம் வாடியதை நான் பார்த்தேன்.

வேஷம் கட்டுகிறவர்கள்

இந்த வகை விளையாட்டுகளைப் பற்றிப் பெரியவர்கள் பேசுகிறபோது ஏதோ நேற்று அமெரிக்காவில் பிறந்த பிசாசு போலப் பேசுகிறார்கள். அமெரிக்காவில் பிறந்தது வாஸ்தவம். 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். அதற்குக் கம்ப்யூட்டரே கிடையாது. காகிதம், பென்சில், பகடை, சுற்றி நாலைந்து நண்பர்கள், அவ்வளவுதான். ஒருவன் கதை சொல்லுவான். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வேஷம் ஏற்றுக்கொண்டு, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் ஓடிவிடுகிறேன்" என்று நடத்திக்கொண்டு போவார்கள். பிறகுதான் அது கம்ப்யூட்டருக்குள் புகுந்தது. 1986-லும் 1987-லும் ஜப்பான்காரர்கள் 'டிராகன் குவெஸ்ட்', 'ஃபைனல் ஃபேண்டஸி' என்று வரிசையாகக் கொண்டுவந்து உலகமெங்கும் பையன்களின் தூக்கத்தைக் கெடுத்தார்கள்.

ஆனால் வேஷம் கட்டுவது நமக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டிய வித்தை அல்லவே! திருச்செந்தூருக்குப் பக்கத்தில் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்குப் போய்ப் பாருங்கள். காளி, ராஜா, குறவன், குறத்தி, குரங்கு, பிச்சைக்காரன் என்று ஆயிரக்கணக்கானவர்கள் வேஷம் போட்டுக்கொண்டு வருவார்கள். வருஷம் முழுவதும் கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற மனிதர் பத்து நாளைக்குக் காளி. அவரை வாடிக்கையாளர்களே கையெடுத்துக் கும்பிடுவார்கள். வீடு வீடாகப் போய்த் தர்மம் எடுப்பார். எடுத்ததைக் கொண்டுபோய் அம்மன் உண்டியலில் சேர்ப்பார். இவ்வளவு ஏன், இதே குற்றாலத்தின் பெயரில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குறவஞ்சியில் மலையை வர்ணிக்கிறவள் யார்? குறத்தி. கவிராயர் தம் வாயால் சொல்லாமல் ஒரு வேஷத்தின் வாயால் சொன்னார். அதனால்தான் அது இன்றைக்கும் ருசிக்கிறது.

குலசேகரன்பட்டினத்து வேஷத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. காப்புக் கட்டும் நாள் ஒன்று உண்டு. காப்பு அவிழ்க்கும் நாளும் உண்டு. இடையில் விரதம். காப்பு அவிழ்ந்த மறுநாள் காளி மறுபடியும் கடைக்குப் போய்க் கணக்கு எழுதியாக வேண்டும். கம்ப்யூட்டர் விளையாட்டில் எனக்குள்ள குறை இதுதான். காப்புக் கட்டுகிற நாள் இருக்கிறது. அவிழ்க்கிற நாளை யாரும் குறிப்பதில்லை. வெஸ்நாத் போன்ற ஆட்டங்களுக்காவது கதை என்று ஒன்று இருப்பதால் முடிவும் இருக்கிறது. சில ஆட்டங்களுக்கு முடிவே கிடையாது. முடிந்தால் கம்பெனிக்கு நஷ்டம் அல்லவா?

பணம் கட்டி ஆடுகிற சங்கதி வேறு. ரம்மி என்றும் வேறு பெயர்களிலும் செல்போனில் வந்து குடும்பங்களைக் கெடுத்ததை நாம் கண்டோம். தமிழ்நாடு சட்டசபை 2022-ல் அதற்கு எதிராக மசோதா நிறைவேற்றியது. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டே பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் போட்டது. அது சூதாட்டம், அதைச் சூதாட்டம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அதையும் இதையும் ஒரே மூட்டையில் கட்டி, "எல்லாம் கேம்தானே" என்று அத்தான் சொல்வதைத்தான் நான் ஒப்புக்கொள்ள முடியாது. சீட்டுக் கச்சேரியும் நாடகமும் இரண்டும் ராத்திரியில் நடக்கிறது என்பதால் ஒன்றாகிவிடுமா?

அத்தானுக்கு ஒரு உதாரணம் சொன்னேன். கனடாவில் டொரண்டோ நகரத்தில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறு கம்பெனி 2023-ல் 'வெண்பா' என்று ஒரு விளையாட்டை வெளியிட்டது. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபோன ஒரு குடும்பத்தின் கதை. நாம் ஏற்கிற வேஷம் ராஜகுமாரன் அல்ல. வெண்பா என்ற தாயார். அவளுடைய அம்மா கொடுத்த சமையல் புத்தகம் கிழிந்து எழுத்து அழிந்து கிடக்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று நாமே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். மகன் கவின் வளர வளரத் தமிழும் இட்லியும் அவனுக்குக் கூச்சமாகப் போகிறது. கத்தி இல்லை, ரத்தம் இல்லை. லண்டனில் பாஃப்டா என்று பெரிய பரிசு ஒன்று கொடுக்கிறார்களே, அதில் புதியவர்களின் முதல் விளையாட்டுக்கான பரிசு 2024-ல் இதற்குத்தான் கிடைத்தது. இதைக் கேட்டுக்கொண்டிருந்த அக்காள், "இட்லி அவிக்கிறதுக்கா பரிசு?" என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. முப்பது வருஷமாக அவிக்கிறாள்; ஒருவரும் கொடுக்கவில்லை.

பாண்டியன் விழுந்து கும்பிட்டது யாரை?

இதற்குள் பையன் ஒரு விஷயத்தைச் சொன்னான். வெஸ்நாத்துக்கு விலை கிடையாதாம். 2003-ல் டேவிட் ஒயிட் என்பவர் ஆரம்பித்தது. பிறகு பல தேசத்துக்காரர்கள் சேர்ந்து சம்பளம் இல்லாமல் வளர்த்தது. அது ஓடுகிற இவன் கம்ப்யூட்டரிலும் லினக்ஸ்தான். அதற்கும் விலை கிடையாது. "ஓசியிலே கொடுக்கிறவன் ஏதாவது உள்நோக்கம் வைத்துத்தான் கொடுப்பான்" என்றார் அத்தான். அவர் இருபது வருஷமாக வியாபாரம் செய்கிறவர்.

லினக்ஸ் என்னவென்று தெரியாத வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. கம்ப்யூட்டர் என்கிற இரும்புப் பெட்டியை வேலை வாங்குகிற கங்காணி போன்ற மென்பொருள் அது. 1991-ல் ஃபின்லாந்து தேசத்தில் ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் அதை எழுத ஆரம்பித்தார். சும்மா பொழுதுபோக்குக்குத்தான், பெரிதாக ஒன்றும் வராது என்ற தோரணையில் ஊருக்கு அறிவித்தார். அவருக்கு முன்பே, 1983-ல், அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் மென்பொருளை யாரும் பூட்டி வைக்கக் கூடாது என்று ஓர் இயக்கம் தொடங்கியிருந்தார். அவர் வகுத்த உரிம விதியை 1992-ல் லினக்ஸும் ஏற்றுக்கொண்டது. விதி இதுதான்: யாரும் எடுத்து ஓட்டலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், குறை இருந்தால் திருத்தலாம், மற்றவருக்கும் கொடுக்கலாம். ஆனால் நீ பெற்ற இதே உரிமையை நீ கொடுக்கிறவனுக்கும் கொடுக்க வேண்டும். பொழுதுபோக்காக ஆரம்பித்த அந்தச் சரக்குதான் இன்று ஆண்ட்ராய்டு செல்போன்களின் அடியில் கிடக்கிறது. உலகத்தின் மிக வேகமான 500 கம்ப்யூட்டர்களில் 2017 முதல் ஒன்று பாக்கியில்லாமல் ஓடுவது லினக்ஸ்தான்.

இந்த விதியைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது ஃபின்லாந்து அல்ல. தென்காசி.

தென்காசி விசுவநாதர் கோயிலை 15-ஆம் நூற்றாண்டில் கட்டியவன் பராக்கிரம பாண்டியன். அவன் கல்லில் ஒரு பாட்டு வெட்டி வைத்திருக்கிறான். ராஜாக்கள் கல்லில் வெட்டுவது வழக்கமாகத் தங்கள் வெற்றியை. இவன் வெட்டியது ஒரு விண்ணப்பம். இந்தக் கோயிலுக்கு வரக்கூடாத குறை ஏதாவது பின்னால் வந்தால், அதைச் சரிசெய்து காப்பாற்றுகிறவர் யாராக இருந்தாலும் அவரை இப்போதே பணிகிறேன் என்று எழுதியிருக்கிறான். பிறக்காத ஒருவன் காலில் முடிசூடிய பாண்டியன் விழுகிறான்! குறை வந்தே வந்தது. மேல் நிலைகளை இழந்து அந்தக் கோபுரம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் மொட்டையாக நின்றது. 1990-ல் ஒன்பது நிலைக் கோபுரமாக அது மறுபடி எழுந்து குடமுழுக்குக் கண்டது. தென்காசிப் பெரியவர்களைக் கேட்டால் அந்த இரண்டு கோபுரங்களையும் பார்த்த கதையைச் சொல்லுவார்கள்.

ஸ்டால்மன் பாண்டியனைப் படித்திருக்க மாட்டார். ஆனால், "நான் கட்டியது என்னுடையது, கை வைக்காதே" என்று சொல்லாமல், "குறை கண்டவன் திருத்து, உனக்கு என் வணக்கம்" என்று சொன்ன புத்தி ஒன்றுதான்.

தமிழுக்கும் இந்தப் புத்தியால் கிடைத்தது கொஞ்சமல்ல. ஸ்விட்சர்லாந்தில் இருந்த டாக்டர் கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கினார். உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் தமிழர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் வைத்தார்கள். 2003-ல் தமிழ் விக்கிப்பீடியா வந்தது. இந்தக் கட்டுரையை எழுதும்போது ஒரு செய்யுளைச் சரிபார்க்க நானே அவற்றைத் திறந்தேன். ஒரு பைசா கொடுக்கவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், இன்றுவரை ஒரு வரி திருத்திக் கொடுத்ததும் இல்லை.

லினக்ஸைப் பற்றி எல்லாமே இனிப்பாகச் சொன்னால் அது உண்மை ஆகாது. காலேஜில் படித்தபோது நானும் ஒரு பழைய கம்ப்யூட்டரில் அதை ஏற்றினேன். முதல் வாரம் சத்தம் வரவில்லை. இரண்டாவது வாரம் பிரிண்டர் மௌன விரதம். தமிழ் எழுத்துகளில் ஒற்றைக் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் போய் நின்றன. 'கொ' என்று அடித்தால் கண்ணில் நீர் வந்தது. இப்போது அந்தக் கஷ்டம் எவ்வளவோ குறைந்துவிட்டது. விலைக்கு வாங்குகிற விளையாட்டுகள்கூட 2018-க்குப் பிறகு பெருமளவு லினக்ஸில் ஓடுகின்றன. ஆனாலும் அதை ஏற்றுகிறவனுக்குப் பொறுமை வேண்டும். பொறுமை இல்லாதவனைப் பார்த்து, "நீ அடிமை" என்று சொல்லுகிற லினக்ஸ் பக்தர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. இவர்களுக்குள்ளேயே எத்தனை பிரிவு! எந்த லினக்ஸ் உயர்ந்தது என்று இவர்கள் போடும் சண்டையைப் பார்த்தால் யானைக்கு எந்த நாமம் போடுவது என்று வடகலையாரும் தென்கலையாரும் கோர்ட்டுக்குப் போன கதைதான் நினைவுக்கு வரும்.

நம் சர்க்கார் 2011-ல் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது அதில் விண்டோஸும் இருந்தது. சென்னையில் உருவான 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. எனக்குத் தெரிந்த பையன்கள் முதல் வேலையாக பாஸை அழித்துவிட்டு அந்த இடத்தில் சினிமாப் படங்களை நிரப்பிக்கொண்டார்கள். கொடுத்தவர்கள் பொருளைக் கொடுத்தார்கள். அது எதற்கு என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாயைக் கடந்தால் கேரளம். அங்கே சர்க்கார் பள்ளிக்கூடங்களில் கட்டற்ற மென்பொருளையே பாடமாக வைத்து, வாத்தியார்களுக்கும் பயிற்சி கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். 1956 நவம்பர் வரை செங்கோட்டையே திருவிதாங்கூரோடுதான் இருந்தது. அங்கேயே இருந்திருந்தால் எங்கள் பையன்களுக்கும் இது கிடைத்திருக்குமே என்று ஒரு நிமிஷம் தப்பாக யோசித்தேன். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

தென்காசிப் பக்கத்தில் கம்ப்யூட்டர் என்றால் இன்று எல்லோரும் மத்தளம்பாறையைத்தான் சொல்லுகிறார்கள். ஸோஹோ கம்பெனி அங்கே வந்தது பெரிய காரியம். பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்து உதவித்தொகையும் கொடுத்துத் தொழில் கற்றுக்கொடுக்கிறார்கள். நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் கம்பெனிச் சரக்கு வேறு. பொதுச் சரக்கு வேறு. அந்தக் கம்பெனி 2023-ல் வெளியிட்ட 'உலா' என்ற இணைய உலாவிகூட குரோமியம் என்ற பொதுச் சரக்கின் மேல் கட்டப்பட்டதுதான். வயல் அவரவருடையது, குளம் ஊருடையது. எல்லோரும் வயலையே பார்த்துக்கொண்டிருந்தால் குளத்துக்கு மராமத்து யார் செய்வது?

முகம் தெரியாத ஊர்க்கூட்டம்

பையன் ஆட்டத்தை மட்டும் ஆடவில்லை. அதன் ஒரு கட்டத்தில் கதை வசனத்தில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து, செய்தவர்களுக்கு எழுதியிருக்கிறான். ஜெர்மனியிலிருந்து யாரோ ஒருவர் பதில் போட்டாராம். திருத்தும் முறையையும் சொல்லிக்கொடுத்தாராம். அந்தக் கூட்டத்தில் தினமும் ஒரு மணி நேரம் இவன் உட்காருகிறான். அத்தானை உறுத்துவது விளையாட்டைவிட இதுதான் என்று எனக்குப் பட்டது. "எவனோ என்னவோ! முகம் தெரியாதவன்கூட என்ன பேச்சு?"

கூடிப் பேசுவதற்குத் தென்பாண்டி நாட்டில் ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. ரசிகமணி டி.கே.சி. அவர்களின் வட்டத்தொட்டி. திருநெல்வேலியில் அவர் வீட்டு முற்றத்தில் நண்பர்கள் கூடுவார்கள்; ஒரு கவிதையை எடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் அனுபவிப்பார்கள். பிறகு அவர் குற்றாலத்தில் வந்து தங்கினார். 1954-ல் காலமாகும்வரை அந்த ரசனையும் விருந்தும் இங்கே தொடர்ந்தன. ராஜாஜி வந்தார், கல்கி வந்தார். வர முடியாதவர்களுக்கு டி.கே.சி. கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்களை இன்றைக்குப் படித்தாலும் எதிரே உட்கார்ந்து பேசுவது போலத்தான் இருக்கிறது.

வட்டத்தொட்டியில் முகம் இருந்தது. இலை போட்டுச் சாப்பாடு இருந்தது. ஒருவர் அசட்டுத்தனமாகப் பேசினால் மற்றவர்களின் சிரிப்பே அவரைத் திருத்திவிடும். இணையத்துக் கூட்டத்தில் இந்த மூன்றும் இல்லை. அதன் விளைவை நான் அனுபவித்திருக்கிறேன். காலேஜ் நாளில் எந்த லினக்ஸ் உயர்ந்தது என்று முகம் தெரியாத ஒருவரோடு மூன்று மாதம் சண்டை போட்டேன். மேலே வடகலை தென்கலை என்று கேலி செய்தேனே, அந்த யானைமேல் நானும் ஏறியவன்தான். ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து பதில் எழுதுவேன். அவர் என்னை மடையன் என்றார். நான் அவரை அதற்கு மேலே சொன்னேன். ஒரு செமஸ்டரில் இரண்டு பேப்பர் போயிற்று. கடைசியில் பார்த்தால் அவர் கடையநல்லூர்க்காரர்! எங்கள் வீட்டிலிருந்து இருபது கிலோ மீட்டர்கூட இல்லை. பள்ளிக்கூட வாத்தியார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். தென்காசி பஸ் ஸ்டாண்டில் சந்தித்தோம். இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. செங்கோட்டைப் பக்கம் அழைத்துக்கொண்டு போய்ப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு எனக்கு எந்த லினக்ஸ் தகராறு வந்தாலும் நான் கூப்பிடுவது அவரைத்தான்.

மாசம் ஒரு தடவையாவது அந்த இணையத்துக் கூட்டத்தை ஒரு முற்றத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் அபிப்பிராயம். தென்காசி 2019-ல் தனி ஜில்லா ஆகிவிட்டது. நூலகங்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்துப் பையன்கள், பத்துப் பெண்கள், இரண்டு பழைய கம்ப்யூட்டர், ஒரு தட்டு முறுக்கு. ஒருவருக்கு லினக்ஸ் ஏற்றத் தெரியும். ஒருவருக்குத் தமிழில் பிழையில்லாமல் எழுதத் தெரியும். இன்னொருவருக்குப் படம் போடத் தெரியும். கான்ராட் தமிழ் பேசுவதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? கடையநல்லூர் வாத்தியாரைத் தலைவராகப் போடலாம். அவரை இன்னும் கேட்கவில்லை.

இதை நான் அத்தானிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் குறுக்கே புகுந்து பையனைக் கேட்டார்:

"அந்த ஜெர்மனிக்காரன் உனக்கு எவ்வளவு கொடுத்தான்?"

"ஒண்ணும் கொடுக்கலைப்பா."

"நீ அவனுக்கு?"

"நானும் ஒண்ணும் கொடுக்கலை."

அத்தான் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பரீட்சை வரைக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கிடையாது" என்றார். பையன் சரி என்றான். மார்ச்சு மாதம் காப்புக் கட்டச் சொல்லலாமா, அவிழ்க்கச் சொல்லலாமா என்று நான் உவமையைக் குழப்பிக்கொண்டிருந்த நேரத்தில், கீழே தெருவில் ஒரே கூச்சல். பேரருவியில் கயிற்றை அவிழ்த்துவிட்டார்களாம். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரே ஓடியது. கம்ப்யூட்டரைக் கட்டிலில் போட்டது போட்டபடி பையனும் பாய்ந்துவிட்டான். கான்ராட் பாதி ஆற்றில் நின்றுகொண்டிருந்தான். அத்தான் அந்தப் பெட்டியின் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார்.

"மாப்பிள்ளே, இதை அப்படியே மூடினா அவன் ஆடினது அழிஞ்சிருமா?" என்றார்.